செடல் சீட்டு

அர்த்தநாரியின் சீட்டுக் கட்டில் ஒரே ஒரு சீட்டு மட்டும் அவருக்குப் பிடிக்காது. கிளி அதை எடுத்துப் போட்டதும் அவர் முகம் சுண்டிவிடும். எதிரே வந்து உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியாது. வெண்ணந்தூர்ச் சந்தையில் அவருக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் பொரி கடலை விற்ற எனக்குத் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கிளி ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது எப்படி வரும்? கிளிக்கு வேண்டியது நெல்மணி. கூண்டைத் திறந்ததும் தத்தித் தத்தி வந்து, சீட்டுகளை அலகால் இழுத்து இழுத்து எறிந்துவிட்டு, அலுத்துப்போய் ஒன்றை நீட்டும். அதில் முருகன் இருந்தால் முருகன், முனியப்பன் இருந்தால் முனியப்பன். ஆனாலும் அர்த்தநாரியிடம் எனக்கு மரியாதை உண்டு. வாய்க்கு வந்ததை அளந்து விடுகிற ஆள் இல்லை அவர். சீட்டில் என்ன படம் இருக்கிறதோ அதற்குள்ளேயே நின்று பேசுவார்.

அவருக்குப் பிடிக்காத அந்தச் சீட்டில் இருந்தது செடல் படம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செடல் தெரியாது. சர்க்கார் தடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் உயரமாக ஒரு மரத்தை நட்டு, அதன் உச்சியில் சுழலும்படி குறுக்கே இன்னொரு மரத்தைப் பூட்டுவார்கள். வேண்டிக்கொண்டவனின் முதுகுச் சதையில் இரும்புக் கொக்கியைக் குத்தி, குறுக்கு மரத்தின் ஒரு முனையில் அவனைத் தொங்கவிடுவார்கள். மறுமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சுற்றிவருவார்கள். பிள்ளைக்கு அம்மை இறங்கினால் ஏறுகிறேன், பெண்டாட்டி பிழைத்து எழுந்தால் ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் ஏறினார்கள். சீட்டிலும் ஒருவன் குப்புறத் தொங்கிக்கொண்டிருந்தான். கையில் வேப்பிலை. முகத்தில் வலி இல்லை, சிரிப்பும் இல்லை. கீழே கூட்டம். படம் எழுதியவன் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். அத்தனை பேருக்கும் முகம் எழுத அலுப்புப்பட்டுக்கொண்டு எல்லோரையும் பின்மண்டையாகவே எழுதி முடித்திருந்தான்.

அந்தச் சீட்டு வந்தால் அர்த்தநாரி சொல்வது இதுதான்:

“இது செடல் மரம் தாயி. ஏறுனவன் பாதியில எறங்க முடியாது. ஆத்தா எறக்கி உடற வரைக்கும் பொறுத்துத்தான் ஆகோணும். உங்க காரியமும் அப்படித்தானுங்க. பொறுங்க.”

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் இந்தப் ‘பொறுங்க’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களும் கட்டியவர்களும் சந்தைக்கு வந்தால் முதலில் மிளகாய் வாங்குவார்கள், பிறகு அர்த்தநாரியின் எதிரே குந்துவார்கள். கம்பு கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுகிடந்தன. எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று நின்று சோர்ந்துபோன சனம், கடைசியில் இங்கேயும் வந்து அந்தப் ‘பொறுங்க’வைக் கேட்டுவிட்டு எழுந்து போகும்.

அர்த்தநாரி பிறவி ஜோசியர் இல்லை. வாலிபத்தில் கவலை ஓட்டினவர். கிணற்று மேட்டில் மாடுகளை முன்னும் பின்னும் நடத்தித் தோல் பையில் தண்ணீர் இறைக்கிற வேலை. ஒரு கோடையில் சரிவில் கால் வழுக்கிக் கவலைக் கல்லில் இடுப்பு அடிபட்டது. அதோடு பாடுபடுகிற வேலைக்கு லாயக்கில்லாமல் போனார். மனைவி நல்லம்மாள் அப்போது வீட்டில் ஒரு கிளி வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிளியைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் ஜோசியம் பார்த்துவந்த சுப்பையனிடம் போய்த் தொழிலைக் கேட்டு வந்தார்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டு இருக்கிறது. கூண்டு தூக்குகிறவன் தன் வீட்டுக்குச் சீட்டு எடுக்கக் கூடாது. தனக்கும் கூடாது, தன் அடுப்பில் பொங்கித் தின்கிற யாருக்கும் கூடாது. கேட்கிறவன் மனசில் ஆசை இருக்கலாம், சொல்கிறவன் மனசில் இருக்கக் கூடாது என்பார்கள். எடுத்தால் கிளி செத்துப்போகும் என்றும் சொல்வார்கள். அது பயமுறுத்துவதற்காக. உண்மையான காரணம் முதலில் சொன்னதுதான் என்று எனக்குப் படுகிறது.

அர்த்தநாரி இந்தக் கட்டை மீறியதில்லை. நல்லம்மாள் வாந்திபேதியில் படுத்தபோது, “கிளிய உடுங்களேன், பொழைப்பனான்னு பாத்துப்போடலாம்” என்று அவளே கேட்டாளாம். மாட்டேன் என்றுவிட்டார். சுப்பையனிடம் போய்ப் பார்த்துவரக் கிளம்பினவரைப் பாதி வழியிலேயே ஆள் வந்து திரும்பக் கூட்டிப்போனான். அதற்குள் நல்லம்மாள் போய்விட்டாள்.

மகன் காளியப்பன் பட்டாளத்தில் சேர்ந்தபோதும் அதே கதை. மழையில்லாத வருஷம். கல்யாணமாகிப் பெண்டாட்டி வந்து ஒரு பொங்கல்தான் ஆகியிருந்தது. சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான், மார்பை அளந்து சேர்த்துக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று விளையாட்டாகக் கூண்டுக்கு முன்னால் குந்தி, “எனக்கு ஒரு சீட்டு எடுங்கப்பா” என்றான். அவர் சிரித்துக்கொண்டே கூண்டைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். அவன் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போனான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் ஆள் காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து சேதி வந்தது. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. காணவில்லை. அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி பெயர் பெருமாயி. மருமகள்தான் என்றாலும் அர்த்தநாரி அவளைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார், மகளைக் கூப்பிடுவது போல. அவள் தறிக்காரர் வீடுகளில் ராட்டையில் நூல் சுற்றுவாள், நூல் இல்லாத நாளில் கடலைக்காய் ஆயப் போவாள், வந்து மாமனாருக்குக் களி கிண்டிப் போடுவாள். சந்தை நாளில் அவருடைய கூண்டைத் தலையில் வைத்து எடுத்துவந்து இடத்தில் இறக்கிவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து எடுத்துப்போவாள். அதிகம் பேசமாட்டாள். ஒருமுறை என்னிடம் பொரி வாங்கும்போது, பக்கத்தில் அர்த்தநாரி இல்லாத நேரம் பார்த்து இப்படிச் சொன்னாள்:

“வருவாருன்னா இருக்கறேனுங்க. வரமாட்டாருன்னா போறேன். ரெண்டுல ஒன்னச் சொல்றதுக்கு ஒரு வாயி இல்லீங்க. நானு ஆருன்னே எனக்குத் தெரியல.”

அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கணக்குக் கேட்பது மாதிரி சொன்னாள். அன்று முழுக்க எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

சண்டை முடிந்தது. போனவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒருவன் சயாமில் கைதியாக இருந்து எலும்பும் தோலுமாக வந்திறங்கினான் என்று கேள்விப்பட்டு, அர்த்தநாரி அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார். “நல்ல பையனுங்க. எல்லாத்தயும் யோசன பண்ணிப் பாத்தானுங்க. காளியப்பன்னு ஒருத்தனத் தெரியும், ஆனா அவன் மதுரைப் பக்கத்தான்னு சொன்னானுங்க. எனக்கு டீத்தண்ணி வெச்சுக் குடுத்தாங்க.”

அடுத்த வருஷமும் பிறந்தது. வரவேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். இனி வருகிறவர்கள் இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அர்த்தநாரி மட்டும் எந்த முடிவும் கட்டவில்லை.

அப்போதுதான் பெருமாயியின் அண்ணன் கருப்பண்ணன் வந்தான். அவர்கள் குடியில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் செத்துப்போனாலோ விட்டுப்போனாலோ பெண் மறுபடி ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் புருஷன் வீட்டார் நாலு பேர் அறிய அவளை விடவேண்டும். ‘இனி இவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை’ என்று அந்த வீட்டு ஆண்பிள்ளை வாயால் வரவேண்டும். புருஷன் இல்லாதபோது மாமனார். மாமனார் சொல்லாமல் போனால் அவள் எத்தனை வருஷமானாலும் அந்த வீட்டுப் பெண்தான். வேறு யாரும் அவளுக்குத் தாலி கட்டமாட்டார்கள்.

கருப்பண்ணன் முரட்டு ஆள் இல்லை. பணிவாகத்தான் கேட்டான். “மாமா, ஆட்டையாம்பட்டியில தங்கமுத்துன்னு ஒருத்தருங்க. செக்கு ஓட்டறாருங்க. பொண்டாட்டி தவறிப்போச்சு. கொழந்த குட்டி இல்லீங்க. எல்லா வெவரமும் தெரிஞ்சே கேக்கறாருங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா…”

“பண்டிகை முடியட்டும் மாப்ள” என்றார் அர்த்தநாரி.

மாரியம்மன் பண்டிகை முடிந்தது. ஒரு மழை பெய்யட்டும் என்றார். மழையும் பெய்தது. சோளத்தட்டு அறுத்து வீட்டுக்கு வரட்டும் என்றார். தட்டு அறுக்க அவருக்கு நிலமே கிடையாது!

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரன், பக்கத்துக் கடைக்காரன் என்ற உரிமையும் இருந்தது. ஒருநாள் சந்தை கலைகிற நேரத்தில் கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு பதிலச் சொல்லிப்போட்டா என்னங்க?”

“என்ன பதிலுங்க?”

“போன்னு சொல்லுங்க.”

அவர் கிளிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். தகரக் குவளையைக் கம்பியில் மாட்டி முடித்த பிறகுதான் பேசினார். “போன்னு சொன்னா எம் பையன் செத்துப்போனான்னு நானே சொன்னதா ஆயிருமுங்களே.”

“அப்ப இருன்னு சொல்லுங்க. அதையாச்சும் சொல்லுங்க.”

“அதுக்கும் வாய் வல்லீங்க. இருக்கச் சொன்னா யாருக்கு இருக்கறது? எனக்குக் களி கிண்டிப் போடறதுக்கா?” என்றார். பிறகு மெதுவாக, “அதுக்குத்தானுங்க வெச்சிருக்கறேன். பொய் சொல்லக் கூடாது. அவ போயிட்டா அந்த ஊட்டுல கெளி மட்டுந்தான் பேசும்” என்றார்.

சுயநலக்காரன் தன் சுயநலத்தைத் தானே எடுத்துவைத்துவிட்டால் அவனை என்ன செய்வது? ஆனாலும் ஆத்திரம் போகவில்லை. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் நல்லது கெட்டது சொல்கிற மனுஷன், வீட்டில் இருக்கிற ஒருத்தியை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

பெருமாயி வீட்டில் அவரிடம் கேட்காமல் இல்லை. “மாமா, நீங்க வாயால சொல்லமுடியாட்டிப் போச்சு, எனக்கு ஒரு சீட்டு எடுங்க. என்ன வருதோ அதும்படி நடந்துக்கறேன்” என்று கேட்டிருக்கிறாள். நம்ம வீட்டுக்கு எடுக்கக் கூடாது சாமி, தொழில்கட்டு என்று சொல்லிவிட்டார். அந்தக் கட்டு அவருக்கு நன்றாக உதவியது, அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். வேண்டுமானால் சுப்பையனிடம் போய்க் கேள் என்றார். அவளும் திருச்செங்கோடு போய்க் கேட்டாள். சுப்பையன் கிளி லட்சுமி படத்தை எடுத்துக் கொடுத்ததாம். புருஷன் மேற்குத் திசையில் சௌக்கியமாக இருக்கிறான், கார்த்திகைக்குள் வருவான் என்றாராம் சுப்பையன். சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது என்று பெருமாயிக்குத் தெரிந்திருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

கார்த்திகையும் கழிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு சந்தை நாளைத்தான் சொல்லவேண்டும்.

வழக்கம்போலக் காலையில் பெருமாயி கூண்டை எடுத்துவந்து இறக்கிவைத்தாள். திரும்பிப் போகவில்லை. புளியமரத்தடியில் கருப்பண்ணன் நின்றிருந்தான். அவனிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் அர்த்தநாரி துணியை விரித்துச் சீட்டுக் கட்டை அடுக்கியிருந்தார். இன்னும் யாரும் வரவில்லை. எதிரே வந்து, மற்றப் பெண்கள் உட்காருவதைப் போல, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குந்தினாள்.

“சீட்டு எடுங்க” என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார் போலிருக்கிறது. “ஊட்டுக்குப் போ சாமி, நேரமாச்சு” என்றார்.

“பேரு பெருமாயிங்க. கப்பல்ல போன புருசன் வருவாரா, இல்ல நான் வேற வழி பாத்துக்கறதான்னு கேக்கோணும்.”

அக்கம்பக்கத்தில் கீரை விற்கிறவர்களும் கயிறு விற்கிறவனும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உனக்குத்தான் தெரியுமே சாமி. எங்கூட்டுப் பொண்ணுக்கு நான் எடுக்கக் கூடாது.”

“தெரியுமுங்க” என்றாள் பெருமாயி. குரல் உயரவே இல்லை. “அதத்தான் கேக்கறேன். நான் உங்கூட்டுப் பொண்ணுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, எந்திரிச்சுப் போயி அடுப்பப் பத்த வெக்கறேன். சாகற வரைக்கும் கேக்கமாட்டேன். இல்லீன்னா கதவத் தொறங்க. நாலு பேரு இருக்கறாங்க.”

நான் பொரி அளக்கிற படியைக் கீழே வைத்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. கருப்பண்ணன் மாதக்கணக்காகக் கேட்டும் வாங்க முடியாத வார்த்தையை அவள் வார்த்தையே இல்லாமல் வாங்குவதற்கு வந்திருக்கிறாள். அவர் கூண்டைத் திறந்தால், சீட்டு என்னவாக இருந்தாலும், அவள் அந்த வீட்டுப் பெண் இல்லை என்று ஆகிவிடும். திறக்கமாட்டேன் என்றால் அவள் ஆயுசுக்கும் அங்கேதான். அவர் ஒளிந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து கதவைத் தட்டிவிட்டாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன். உடனேயே, எத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்து இந்த யோசனைக்கு வந்திருப்பாள் என்றும் தோன்றியது. அவள் முகத்தில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

தெருக்கோடியில் யாரோ ஆட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரியின் கை முழங்கால்மேல் கிடந்தது, கூண்டின் பக்கம் போகவில்லை. நான் கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கே கிளியின்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கூண்டின் கதவு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது.

“வா கண்ணு வெளிய” என்றார் அர்த்தநாரி. “பெருமாயிங்கற பேருக்கு ஒரு சீட்டு எடுத்துக் குடு.”

கருப்பண்ணன் மரத்தடியிலிருந்து ஓடி வந்தான். கீரைக்காரி முத்தாயம்மாள் எழுந்து நின்றுகொண்டாள். கிளி வெளியே வந்து, ஒரு சீட்டை இழுத்து எறிந்தது, இன்னொன்றை எறிந்தது, சும்மா நின்று தலையைச் சாய்த்தது. பிறகு ஒன்றைக் கவ்வி அவர் கையில் கொடுத்துவிட்டு, நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அவர் உறையிலிருந்து சீட்டை உருவினார். பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் முகம்தான் சுண்டிப்போயிற்றே. கட்டில் லட்சுமி இருக்கிறாள், விநாயகர் இருக்கிறார், வள்ளி தெய்வானையோடு முருகன் இருக்கிறார். இவர்களில் ஒருவர் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

பழக்கதோஷத்தில் அவர் வாய் ஆரம்பித்துவிட்டது. “இது செடல் மரம் தாயி. ஏறுனவன் பாதியில எறங்க முடியாது. ஆத்தா எறக்கி உடற வரைக்கும்…”

நின்றுபோனார். பெருமாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பொறுங்க’ என்ற சொல்தான் அடுத்தது. சந்தையில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதைக் கேட்பதற்குத் தயாராகிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். இத்தனை வருஷமாக வைத்திருக்கிற சீட்டை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“மேல தொங்கறானே, அவன் நேந்துக்கிட்டவன்” என்றார். “அவனா வேண்டிக்கிட்டு அவனா ஏறுனான். ஆரும் ஏத்தல. வேண்டுதல் அவனோடது. கொக்கி அவன் முதுகுல. அவன் தொங்கித்தான் தீரோணும்.” விரலைக் கீழே கொண்டுவந்தார். “இவங்கெல்லாம் பாக்க வந்தவங்க. அண்ணாந்து பாத்துப்போட்டு, கும்பிட்டுப்போட்டு, அவங்கவங்க ஊட்டுக்குப் போவாங்க. போகோணும். கீழ நிக்கறவங்க முதுகுல கொக்கி இல்ல.”

விரல் அந்தப் பின்மண்டைகளில் ஒன்றின்மேல் நின்றது.

“இதுதான் நீங்க. நின்னது போதும். போங்க.”

நீங்க என்றுதான் சொன்னார்.

பெருமாயி கண்ணைத் திறந்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். “ஊர்ல இத ஒத்துக்குவாங்களாங்க?” என்று மெதுவாகக் கேட்டான். “சந்தையே பாத்துக்கிட்டிருக்குது, இன்னும் என்ன ஒத்துக்கறது?” என்று அதட்டினேன். யார்மேலோ இருந்த கோபத்தை அவன்மேல் காட்டினேன்.

அதற்குள் முத்தாயம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவள் மகனும் அதே சண்டையில் போனவன், அதே மாதிரி காணாமல் போனவன். எத்தனையோ தரம் அவளுக்கும் இதே சீட்டுத்தான் வந்திருக்கிறது.

“இது என்ன நாயமுங்க?” என்று கத்தினாள். “இதே சீட்டுக்கு எனக்குப் பொறு பொறுன்னு சொன்னீங்க. இவளுக்கு மட்டும் போன்னு சொல்றீங்க. மருமவளுன்னா ஒரு பலன், ஊரான்னா ஒரு பலனா?”

அவள் கேட்டது நியாயம்தான். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அர்த்தநாரி கோபப்படவில்லை.

“நீங்க பெத்தவங்க தாயி” என்றார். “நீங்களும் நானும் மேல தொங்கறவங்க. நமக்கு எறக்கம் இல்லீங்க.”

முத்தாயம்மாள் திரும்பிப் போய்த் தன் கீரைக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் கீரையை யாரும் வாங்கவில்லை, அவளும் யாரையும் கூப்பிடவில்லை.

பெருமாயி எழுந்தாள். அவர் காலைத் தொடக் குனிந்தபோது அவர் காலை இழுத்துக்கொண்டார். “ஜோசியக்காரன் கால்ல ஆரும் உழுவமாட்டாங்க” என்றார். அவள் நிமிர்ந்து, இரண்டடி நகர்ந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“கூலி வெச்சுட்டுப் போங்க அம்மிணி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன மனுஷனய்யா இவன் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: “வாங்காம உட்டா ஊட்டுக்குப் பாத்ததா ஆயிருமுங்க.”

அவள் திரும்பி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. துணியின்மேல் ஒரு காசை வைத்தாள். அவர் அதை எடுத்து, முதல் போணிக் காசை எல்லோரும் ஒற்றிக்கொள்வது போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கழுத்துக் கயிற்றை மட்டும் அவள் அங்கே கழற்றவில்லை. மறுநாள் கருப்பண்ணனிடம் கொடுத்தனுப்பினாள் என்று கேள்விப்பட்டேன். அண்ணனும் தங்கையும் தங்கள் ஊருக்குப் போகிற ஆட்டையாம்பட்டிப் பாதையில் நடந்து போனார்கள். அவள் ஒரு தடவை நின்றாள். அண்ணன் ஏதோ சொன்னான். பிறகு போய்விட்டார்கள்.

அர்த்தநாரி அன்று வியாபாரத்தை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் சீட்டு எடுத்தார். பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. சந்தை கலைந்து எல்லோரும் சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது, தானே கூண்டைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். உள்ளங்கையில் அந்தக் காசு இருந்தது.

“இதுக்குப் பொரி போடுங்க” என்றார்.

“காசு எதுக்குங்க, எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

“இல்லீங்க, வாங்கிக்கோணும்” என்றார். “ராத்திரிக்கு அடுப்பெரியாதுங்க.”

நான் காசை வாங்கிக்கொண்டு பொரியை அளந்தேன். அவர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.